முதல்வர் மாறினால் பள்ளியே மாறிடுமா? 'மாற்றுக் கல்வி' பள்ளிகளில் பெற்றோர் ரெண்டு பக்கமா பிரிவது ஏன்?

ஹோம்வொர்க் கிடையாது. ரேங்க் கார்டு கிடையாது. சின்ன வகுப்புகளுக்குப் பரீட்சையும் கிடையாது. பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது நோட்டுக்குப் பதிலா களிமண் பொம்மையோடு வருது. "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது படிப்பா?" என்று தாத்தா கேட்கிறார்.

மாற்றுக் கல்வி, முற்போக்குப் பள்ளி என்றெல்லாம் சொல்லப்படும் தனியார் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்த்த எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி ஒரு தடவையாவது வந்திருக்கும். முன்பு சென்னை, கோவை, புதுச்சேரி பக்கம் மட்டும் பேசப்பட்ட விஷயம் இது. இப்போது திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் புதுசில்லை. திருவண்ணாமலை அருகே 2009-ல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளி, காடு வளர்ப்பும் கைவேலையும் பாடத்தோடு சேர்ந்து நடக்கும் பள்ளி. இந்த வகைப் பள்ளி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அது ஒரு பக்கத்து உதாரணம்.

பள்ளியைத் தொடங்கியவரோ, பல வருஷம் நடத்திய முதல்வரோ இருக்கும் வரை பெரும்பாலும் சிக்கல் இல்லை. சந்தேகம் வந்தால் அவரிடமே போய்க் கேட்கலாம். அவர் விலகி வேறொருவர் வரும்போதுதான் பிரச்சினை தொடங்குது. வாட்ஸ்அப் குரூப் ரெண்டாகும். "இப்பதான் பள்ளிக்கூடம் மாதிரி நடக்குது" என்று ஒரு தரப்பு. "எதுக்காகச் சேர்த்தோமோ அதுவே போச்சு" என்று இன்னொரு தரப்பு. ஒரே வகுப்பு, ஒரே டீச்சர், ஒரே கட்டணம். பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

அட்டை மாறாத தறி

ஆரணி பட்டு நெய்யும் ஊர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஜக்கார்டு தறியில் சேலையின் டிசைன், ஓட்டை போட்ட அட்டையில் இருக்கிறது. நெய்கிறவர் மாறினாலும் அட்டை மாறாத வரை அதே பூ, அதே மயில்தான் விழும். வழக்கமான மெட்ரிக் பள்ளியும் கிட்டத்தட்ட இப்படித்தான். பாடப்புத்தகம், டைம்டேபிள், பருவத் தேர்வு, பொதுத்தேர்வு என்று எல்லாமே வெளியே முடிவாகி வந்த அட்டை. முதல்வர் மாறினால் கண்டிப்பு கூடும், குறையும். பேருந்துக் கட்டணம் ஏறும். பாடம் பெரிசா மாறாது.

மாற்றுக் கல்விப் பள்ளியில் டிசைன் அட்டையில் இல்லை, ஆளிடம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஏழு வயசு வரை எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை என்றால் காத்திருக்கலாமா, தனியா உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கணுமா என்பதை அங்கே புத்தகம் முடிவு செய்யாது. அந்த டீச்சரும், அவருக்குப் பின்னால் நிற்கும் முதல்வரும்தான் முடிவு செய்கிறார்கள். அதனால் முதல்வர் மாறும்போது பெயர்ப்பலகை, வளாகம், மாமரம் எல்லாம் அப்படியே இருக்க, உள்ளே வேறு பள்ளி நடக்க வாய்ப்பு உண்டு. பெற்றோரின் பதற்றம் வீண் பதற்றம் இல்லை.

நம்ம ஊரிலேயே ஒரு பெரிய உதாரணம்

இதற்குத் தனியார் பள்ளிதான் வேணும்னு இல்லை. இப்போது இருபதுகளில் இருப்பவர்களில் அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தவர்களுக்கு 'ஏபிஎல்' நினைவிருக்கும். செயல்வழிக் கற்றல். ஏணிப்படி, லோகோ, அட்டைகள், பாயில் வட்டமாக உட்கார்ந்து படிப்பது, சுவரில் தரையை ஒட்டி ஆளுக்குக் கொஞ்சம் கரும்பலகை.

அந்த முறையின் வேர் ஆந்திராவின் மதனப்பள்ளி அருகே இருக்கும் ரிஷி வேலி. ஜே.கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையில் நடக்கும் தனியார் பள்ளி அது. அதன் கிராமக் கல்வி மையம், சுற்றியுள்ள சின்னக் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையைச் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் ஐஏஎஸ் எடுத்து வந்தார். 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. அவரே பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலப் பொறுப்புக்கு வந்தார். 2007-08-க்குள் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்விட்டது.

அப்போதும் பெற்றோர் கருத்து ஒன்றாக இல்லை. பிள்ளை பயப்படாமல் பள்ளிக்குப் போகுது, டீச்சர்கிட்ட நின்னு பேசுது என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. "நோட்டே வீட்டுக்கு வரல, என்ன படிச்சான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டவர்களும் உண்டு. அடுத்த தெருப் பிள்ளை டை கட்டி, பை நிறையப் புத்தகத்தோடு வேனில் போகும்போது இந்தக் கேள்வி இன்னும் சத்தமா வரும்தானே?

முன்னெடுத்த அதிகாரி பொறுப்பில் இருந்து போன பிறகு வேகம் குறைந்தது. முறை எளிமையாக்கப்பட்டது, பாடத்திட்டம் மாறியது, 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அட்டைகள் சில இடங்களில் பீரோவுக்குள் போயின. அரசாணை, பயிற்சி, நிதி எல்லாம் பின்னால் இருந்த திட்டத்துக்கே இந்த நிலை என்றால், ஒரு சின்ன அறக்கட்டளை நடத்தும் 100 பிள்ளைகள் பள்ளியில் ஒரு ஆள் விலகுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசிக்கலாம்.

லண்டன் பள்ளியில் வெடித்த சண்டை

தலைமை மாறி, பெற்றோர் பிரிந்து, கடைசியில் ஒரு நாட்டின் கல்விக் கொள்கை வரைக்கும் போன கதை ஒன்று இருக்கு. வடக்கு லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் உள்ள வில்லியம் டிண்டேல் தொடக்கப் பள்ளி. இது தனியார் பள்ளி இல்லை, அரசு நிதியில் நடந்தது. ஆனால் நடந்ததைப் படித்தால் நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப் ஞாபகம் வரும்.

1974 ஜனவரியில் டெர்ரி எல்லிஸ் அங்கே தலைமை ஆசிரியர் ஆனார். சில ஆசிரியர்களோடு சேர்ந்து பள்ளியின் போக்கையே மாற்றினார். என்ன செய்வது, எப்போது படிப்பது என்பதில் பிள்ளைகளுக்கு நிறைய சுதந்திரம். வசதி இல்லாத, வீட்டில் சிக்கல் இருக்கும் பிள்ளைகளுக்கு முதல் கவனம் என்பதுதான் அவர்கள் சொன்ன கொள்கை. கேட்க நல்லாத்தான் இருந்தது.

பெற்றோர் சீக்கிரமே ரெண்டாகப் பிரிந்தார்கள். புதிய முறையை ஆதரித்தவர்கள் இருந்தார்கள். எதிர்த்தவர்களில் படித்த நடுத்தர வர்க்கத்தினர் மட்டும் இல்லை, உழைக்கும் வர்க்கப் பெற்றோரும் இருந்தார்கள். யாருக்காக இந்த முறை என்று சொல்லப்பட்டதோ, அவர்களிலேயே பலர் "எங்க பிள்ளைக்கு எழுதப் படிக்க வரல" என்றார்கள். பிள்ளைகளை எடுத்துக்கொண்டு வேறு பள்ளிக்குப் போனதில் மாணவர் எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது. பள்ளி நிர்வாகக் குழுவும் ஆசிரியர்களும் முட்டிக்கொண்டார்கள். 1975 இலையுதிர் காலத்தில் ஆய்வாளர்கள் வந்தபோது ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்து, வெளியே தனியாக ஒரு பள்ளியே நடத்தினார்கள்!

வழக்கறிஞர் ராபின் ஆல்ட் தலைமையில் பொது விசாரணை நடந்தது. 1976 ஜூலையில் அறிக்கை வந்தது. தலைமை ஆசிரியரும் அவரோடு நின்ற ஆசிரியர்களும் பிறகு வேலையை இழந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பிரதமர் ஜேம்ஸ் கேலஹன், ஆக்ஸ்போர்டின் ரஸ்கின் கல்லூரியில் பேசும்போது, பள்ளியில் என்ன சொல்லித்தரப்படுகிறது என்பது பெற்றோரும் நாடும் கேட்க வேண்டிய கேள்வி என்ற விவாதத்தைத் தொடங்கி வைத்தார். இங்கிலாந்தில் 1988-ல் தேசியப் பாடத்திட்டம் சட்டமானதன் பின்னணியைப் பேசுகிற யாரும் டிண்டேலைத் தாண்டிப் போக முடியாது.

அங்கே எழுந்த கேள்வி இன்னும் பழசாகவில்லை. ஒரு முறை நல்லதா கெட்டதா என்பதைவிட, அது தப்பாகப் போனால் யார் தாங்குவார்கள் என்பதில்தான் பெற்றோர் பிரிகிறார்கள். வீட்டில் அப்பா அம்மா இங்கிலீஷ் பேசினால், அலமாரியில் புத்தகம் இருந்தால், ஒரு வருஷம் பள்ளியில் ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் பிள்ளை சமாளித்துவிடும். அப்பா தறியில், அம்மா செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனி ஷிஃப்டில் என்றால் சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. பள்ளியில் நடக்காதது எங்கேயும் நடக்காது. முதல் குடும்பம் "பொறுங்க, புது முதல்வருக்கு டைம் கொடுங்க" என்கும். ரெண்டாவது குடும்பத்திடம் கொடுக்க டைம் இல்லை. இதைப் புரியாமல் "அவங்களுக்கு மார்க் வெறி" என்று சொல்வது சரியில்லை.

மூடிய பள்ளி, மூடாத பள்ளி

தனியார் முற்போக்குப் பள்ளிகளிலும் ரெண்டு விதமாகவும் நடந்திருக்கு. இங்கிலாந்தின் டார்டிங்டன் ஹால் பள்ளியை 1926-ல் தொடங்கியவர்கள் எல்ம்ஹர்ஸ்ட் தம்பதி. கணவர் லியோனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், தாகூரோடு வங்காளத்தின் ஸ்ரீநிகேதனில் வேலை பார்த்தவர். டபிள்யூ.பி.கரி என்ற ஒரே தலைமை ஆசிரியர் 1931 முதல் 1957 வரை கால் நூற்றாண்டுக்கு மேல் நடத்தினார். அவருக்குப் பிறகு தலைமை அடிக்கடி கைமாறியது. 1983-ல் புதிதாக வந்தவர் சில மாதங்களில் சர்ச்சையில் சிக்கி விலகினார். பத்திரிகைகள் விடவில்லை. சேர்க்கை சரிந்தது. 1987-ல் பள்ளி மூடப்பட்டது.

சம்மர்ஹில் கதை வேறு. வகுப்புக்குப் போவதே பிள்ளையின் விருப்பம் என்று சொல்லும் பள்ளி அது. 1921-ல் தொடங்கிய ஏ.எஸ்.நீல் 1973-ல் இறந்தார். மனைவி ஈனா நடத்தினார், 1985-ல் மகள் ஸோயி பொறுப்பேற்றார். 1999-ல் அரசு ஆய்வு கடுமையான அறிக்கை கொடுத்து, பள்ளி மூடப்படும் நிலை வந்தது. 2000 மார்ச்சில் தீர்ப்பாயத்தில் சமரசம் ஆனது. அந்தச் சமரசத்தை ஏற்பதா வேண்டாமா என்று நீதிமன்ற அறையிலேயே மாணவர்கள் கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். குடும்பத்துக்குள்ளேயே தலைமை போனது ஒரு காரணம். இன்னொன்று, விதிகளைப் போடும் கூட்டத்தில் பிள்ளைக்கும் டீச்சருக்கும் சமமாக ஒரே ஓட்டு. அதனால் பள்ளியின் முறை முழுக்க ஒரு ஆளின் தலைக்குள் இல்லை.

ரிஷி வேலியிலும் இதைப் பார்க்கலாம். கிருஷ்ணமூர்த்தி 1986-ல் இறந்தபோது அறக்கட்டளை, பல ஊர்களில் பள்ளிகள், அங்கேயே பழகி வளர்ந்த ஆசிரியர்கள் என்று எல்லாம் ஏற்கெனவே இருந்தது. முதல்வர்கள் வந்தார்கள், போனார்கள். பள்ளி இருக்கிறது.

சட்டப்படி பெற்றோருக்கு என்ன பிடி இருக்கு?

நேரா சொன்னால், முதல்வரை யார் நியமிப்பது என்பதில் பெரிசா ஒன்றும் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழு, அதாவது பெற்றோர் முக்கால்வாசி இருக்கும் எஸ்எம்சி, அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளுக்குத்தான். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அது கிடையாது. சிபிஎஸ்இ பள்ளி என்றால் நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும் என்று வாரியத்தின் இணைப்பு விதிகள் சொல்கின்றன. ஆனால் குழுவில் அவர்கள் சிறுபான்மைதான்.

பெற்றோர் உறுதியாகக் கேட்கக்கூடியது வேற விஷயங்களில் இருக்கு. முதலில் அங்கீகாரம். புது நிர்வாகம் வந்த பிறகு அங்கீகாரம் எந்தத் தேதி வரை செல்லும், எந்த வகுப்பு வரை செல்லும் என்று பார்க்க வேண்டும். கேட்பதற்கு மாவட்டக் கல்வி அலுவலர்களில் தனியார் பள்ளிகளுக்கென்றே ஒருவர் இருக்கிறார்.

அடுத்தது கட்டணம். புது முதல்வர், புது 'புரோகிராம்', புது ஃபீஸ் என்று வரும்போது நினைவில் வைக்க வேண்டியது, தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்கினால் அந்தக் குழுவிடமே புகார் கொடுக்கலாம்.

மூன்றாவது டிசி. "பாக்கியைக் கட்டினாதான் டிசி" என்பது பல ஊரில் கேட்கும் வசனம். கட்டண பாக்கியை வசூலிக்க டிசியை ஆயுதமாக்கக் கூடாது, டிசி இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொன்னது. 8-ஆம் வகுப்பு வரை, டிசி தாமதமானதைக் காரணம் காட்டி வேறு பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கு. ஆனால் நடைமுறையில் பழைய பள்ளி எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரை விடுவித்ததா என்று கேட்டு வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் புதிய பள்ளியில் பெயர் ஏற்றும்போது இழுக்கும்.

5-ஆம் வகுப்பு முடிவு: பலர் கவனிக்காத கணக்கு

"இந்த வருஷம் பார்ப்போம், சரியில்லன்னா அடுத்த வருஷம் மாத்திடலாம்" என்பதுதான் எல்லாரும் சொல்வது. 2-ஆம் வகுப்பில் இதனால் பெரிய இழப்பு இல்லை. 5-ஆம் வகுப்பில் அப்படிச் சொல்ல முடியாது.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-ல் நீட்டிக்கப்பட்டது. இதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் இதே 6 முதல் 12 வகுப்புக் கணக்கைத்தான் பார்க்கிறது. தனியார் பள்ளியில் முதல்வர் மாறி, ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்து, 6-ஆம் வகுப்பை அங்கேயே முடித்துவிட்டு 7-ல் அரசுப் பள்ளிக்கு வந்தால் இந்த ஒதுக்கீடு கைநழுவும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25% இடத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் விதிவிலக்கு இருக்கிறது. 8 வரை அந்த இடத்தில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் கணக்கில் வரும். இந்தப் பெற்றோருக்கு வேறொரு கெடுவும் உண்டு. இலவச இடம் 8-ஆம் வகுப்போடு முடிகிறது. 9-ல் கட்டணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் அரசுப் பள்ளிக்கு மாற வேண்டும். அங்கே போய் உட்காரும்போது சமச்சீர் புத்தகமும் மூன்று மணி நேரப் பரீட்சையும் பிள்ளைக்குப் புதுசாக இருக்கக் கூடாது. அதனால்தான் கூட்டத்தில் "6-ல இருந்தாவது டெஸ்ட் வைங்க" என்று எழுந்து கேட்பவர்களில் இவர்கள் அதிகம். எல்கேஜி பெற்றோருக்கு அது பிற்போக்காகத் தெரியும்.

அப்போ பெற்றோர் கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

"உங்க விஷன் என்ன?" என்று கேட்டால் எந்தப் புது முதல்வரும் அரை மணி நேரம் அழகாகப் பேசிவிடுவார். அதைவிட, போன ஜூனில் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த ஜூனில் இருக்கிறார்கள் என்று கேட்டால் ஒரே எண்ணில் பதில் கிடைக்கும். இந்த வகைப் பள்ளிகளில் முறை ஆசிரியர் கையில் இருப்பதால், முதல்வர் போனதைவிட ஆசிரியர்கள் கூட்டமாகப் போவதுதான் பெரிய அபாய அறிகுறி. பாதிக்கு மேல் பழைய ஆட்கள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம்.

10-ஆம் வகுப்பை எந்த வாரியத்தில் எழுதுவார்கள், அதில் மாற்றம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குவது அவசியம். மாநில வாரியம், சிபிஎஸ்இ, என்ஐஓஎஸ் என்று மாறினால் 8, 9-ல் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் முதல் அடி. நிர்வாகம் அதே அறக்கட்டளையிடம் இருக்கிறதா, வேறு கைக்குப் போகிறதா என்பதும் கேட்க வேண்டியதே. முதல்வர் மாற்றம் பள்ளியின் உள்விவகாரம். நிர்வாகமே கைமாறுவது கல்வித்துறைக்குப் போக வேண்டிய விஷயம்.

இன்னொரு சோதனை வீட்டிலேயே செய்யலாம். பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறதோ, அதற்கு ஒரு வகுப்பு கீழே உள்ள அரசுப் பாடப்புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள், நாலு கணக்குப் போடச் சொல்லுங்கள். தமிழ்நாடு பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சரளமாகச் செய்தால் குரூப்பில் நடக்கும் சண்டையை ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம். தடுமாறினால், பழைய முதல்வர் நல்லவரா புது முதல்வர் நல்லவரா என்ற விவாதத்தை அப்புறம் வைத்துக்கொண்டு, வகுப்பு ஆசிரியரைத் தனியாகப் பார்த்து இந்தப் பிள்ளைக்கு அடுத்த மூன்று மாதத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். பதில் பிள்ளையின் பெயரைச் சொல்லி வருகிறதா, பொதுவாக வருகிறதா என்று கவனியுங்கள்.